திருந்தியவன் திரும்பிப் போகும்போது: பழிவாங்கும் குற்றக் கதைகளுக்கு ஒரு எளிய அறிமுகம்

ஒரு ஆள் பதினைந்து வருடம் ஒரு கும்பலில் இருந்தான் என்று வைத்துக்கொள்வோம். அடிதடி, மிரட்டல், கடத்தல், இரண்டு மூன்று கொலை, எல்லாம் செய்தவன். ஒரு கட்டத்தில் போதும் என்று தோன்றி, தண்டனையையும் அனுபவித்து முடித்து, இப்போது வண்டி பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். எட்டு வருடம் அப்படியே போகிறது. ஒரு நாள் அவனுடைய தம்பியைக் கொன்றுவிடுகிறார்கள். அடுத்து அவன் என்ன செய்வான் என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். ஆனால் இந்த வகைக் கதைக்குள் நுழைய அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: கொன்றவனைத் தேடிப்போக அவனுக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்? ஆளை எப்படிப் பின்தொடர்வது, ஆயுதம் யாரிடம் கிடைக்கும், யாரை எந்த இடத்தில் தட்டினால் பெயர் வெளியே வரும், செய்துவிட்டு எங்கே மறைவது. இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. எல்லாமே அவன் விட்டுவிட்டு வந்த வாழ்க்கையில் கற்றது. தம்பிக்காகப் போக வேண்டுமானால், எந்த ஆளாக இனி இருக்கவே கூடாது என்று எட்டு வருடம் பாடுபட்டானோ, அதே ஆளாகத்தான் போக முடியும்.

இந்த முடிச்சு இருந்தால் அது நான் சொல்ல வருகிற வகைக் கதை. இல்லையென்றால் அது வெறும் பழிவாங்கும் கதை. திருந்திய குற்றவாளி, பழி, கரடுமுரடான சொல்முறை, இந்த மூன்றும் சேர்ந்த குற்றக் கதைகளைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் சண்டைப் படம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டு, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது, நாயகன் ஏன் திருப்பி அடிக்கவே மாட்டேன் என்கிறான் என்று பாதியில் எழுந்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அவன் அடிக்காமல் இருக்கிற அந்த நேரத்தில்தான் கதையே நடந்துகொண்டிருக்கிறது.

தமிழில் இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு நல்ல சொல் கையிலேயே இருக்கிறது: பழி. நிந்தை, குற்றச்சாட்டு, அவப்பெயர், பாவம் எல்லாமே அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பழி போடுகிறோம், பழி சுமத்துகிறோம், பழிபாவத்துக்கு அஞ்சுகிறோம். அதே சொல்லோடு 'வாங்கு' சேர்ந்தால் வஞ்சம் தீர்ப்பது என்று ஆகிவிடுகிறது. சொல் எப்படிப் பிறந்தது என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை, காதில் விழுகிறபடியே சொல்கிறேன்: பழி வாங்கப் போகிறவன் கடைசியில் கையில் வாங்கிக்கொண்டு வருவதும் பழிதான். ஏற்கெனவே பழைய பழி ஒன்றைச் சுமந்துகொண்டு, அதை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கும் மனிதனிடம் போய் இன்னொன்றையும் வாங்கிக்கொள் என்று சூழ்நிலை சொல்வதுதான் இந்தக் கதைகளின் அடித்தளம்.

ராவான கதை என்றால் என்ன

'படம் ரொம்ப ராவா இருக்கு' என்று சொல்கிறோம் இல்லையா, அதை வைத்தே ஆரம்பிக்கலாம். பலர் அதை ரத்தத்தின் அளவு என்று நினைக்கிறார்கள். நிறைய வெட்டு, நிறைய கெட்ட வார்த்தை, இருட்டான ஒளிப்பதிவு. அதெல்லாம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முக்கியம் என்னவென்றால், நடப்பது ஒவ்வொன்றுக்கும் எடை இருக்க வேண்டும். ஒருவன் முகத்தில் குத்தினால் குத்தியவனின் விரல் எலும்பும் வலிக்கும், அடுத்த நாள் காலையில் ஸ்பேனரைப் பிடிக்க முடியாது, பட்டறையில் முதலாளி கையைப் பார்ப்பார். கத்திக்குத்து வாங்கினால் அடுத்த காட்சியில் ஓட முடியாது. ஆளைக் கொன்றால் உடலை என்ன செய்வது என்று ஒரு இரவு முழுக்கப் போகும். செத்தவனுக்கு ஒரு அம்மா இருப்பாள், அவள் திரையிலும் வருவாள். அந்த எடை இருந்தால் ஒரு சொட்டு ரத்தம் காட்டாமலும் கதை ராவாக இருக்கும். இல்லையென்றால் நூறு பேரை வெட்டினாலும் அது வாணவேடிக்கைதான்.

வாணவேடிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கும் அது பிடிக்கும். 1995-ல் வந்த 'பாட்ஷா'வை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அதுவும் பழைய வாழ்க்கையை விட்டுவிட்டு அமைதியாக ஆட்டோ ஓட்டும் ஒரு மனிதனின் கதைதான், எலும்புக்கூடு ஒன்றேதான். ஆனால் அங்கே கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கும்போது நாம் காத்திருப்பது அந்தப் பழைய ஆள் எப்போது வெளியே வருவான் என்பதற்கு. வந்ததும் விசில். பழைய ஆள் திரும்பி வருவது அங்கே ஒரு பரிசு. நான் விளக்கிக்கொண்டிருக்கும் வகையில் அதே திரும்பி வருதல் ஒரு இழப்பு. அவன் கை பழைய மாதிரி வேகமாக வேலை செய்வதைப் பார்க்கும்போது நமக்கு உள்ளே ஒரு பக்கம் சிலிர்க்கிறது, இன்னொரு பக்கம் வயிற்றைப் பிசைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் இயக்குநர் சரியாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

திருந்துவது என்பது நிஜத்தில் எப்படி நடக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இது தெரிந்தால் இந்தக் கதைகளில் ஏன் எப்போதும் அதே மாதிரியான சம்பவங்கள் நடக்கின்றன என்பது புரிந்துவிடும்.

குற்றம் செய்தவர்கள் எப்படி அதை விடுகிறார்கள் என்பதைப் பற்றிக் குற்றவியலில் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 1940 வாக்கில் ஷெல்டன், எலினார் க்ளூக் என்ற தம்பதி, சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 சிறுவர்களையும், குற்றம் செய்யாத 500 சிறுவர்களையும் எடுத்துக்கொண்டு ஆய்வைத் தொடங்கினார்கள். பல வருடம் கழித்து அந்தக் காகிதங்களைத் தூசி தட்டி எடுத்த ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அந்தச் சிறுவர்களில் சிலரை அவர்களுடைய எழுபது வயதில் நேரில் போய்ச் சந்தித்துப் பேசினார்கள். யார் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று பார்த்தபோது திரும்பத் திரும்ப வந்தவை சாதாரண விஷயங்கள்: நல்ல கல்யாணம், நிலையான வேலை, ராணுவத்தில் சேர்ந்தது, பழைய கூட்டாளிகள் இருந்த இடத்தை விட்டு விலகியது. ஒரே ராத்திரியில் ஞானம் வந்து திருந்துவதைவிட, தினமும் வீட்டுக்கு நேரத்தோடு போக ஒரு காரணம் இருப்பதுதான் பெரும்பாலோரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு இப்போது ஏதாவது ஒரு கதையை யோசித்துப் பாருங்கள். முதல் கால் மணி நேரத்தில் என்ன காட்டுவார்கள்? மனைவி, குழந்தை அல்லது தம்பி, ஒரு சின்ன வேலை, அவனை நம்பிய முதலாளி. பிறகு கதை எதை உடைக்கிறது? சரியாக இவற்றைத்தான். அவனை நேரான வாழ்க்கையில் கட்டி வைத்திருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. எழுத்தாளர்கள் ஆய்வைப் படித்துவிட்டு எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் இரண்டும் ஒரே உண்மையைத் தொட்டிருக்கின்றன.

இன்னொரு ஆய்வாளர், ஷாட் மருனா, லிவர்பூலில் குற்றத்தை விட்டவர்களையும் விடாதவர்களையும் உட்காரவைத்து அவரவர் வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொன்னார். 2001-ல் அது புத்தகமாக வந்தது. விடாதவர்கள் சொன்ன கதையில் எல்லாமே ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, இனி என் கையில் எதுவும் இல்லை என்ற தொனி. விட்டவர்கள் சொன்ன கதை வேறு: அடிப்படையில் நான் நல்லவன், நடுவில் சூழ்நிலை என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது, இப்போது நான் பட்டதை வைத்து யாருக்காவது உதவ வேண்டும். கவனியுங்கள், இரண்டு பேரின் கடந்த காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைத் தனக்குத்தானே எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நம் பட்டறைக்காரனிடம் திரும்பி வருவோம். 'அது நான் இல்லை, அந்த ஆள் செத்துப்போய்விட்டான்' என்று அவன் எட்டு வருடமாகத் தனக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். தம்பி செத்த அன்று அந்தக் கதைக்குத்தான் முதல் அடி விழுகிறது. ஒருவேளை அந்த ஆள் சாகவே இல்லையோ, தூங்கிக்கொண்டுதான் இருந்தானோ என்ற சந்தேகம் வில்லனைவிடப் பெரிய எதிரி. நல்ல நடிகர்கள் இந்தச் சந்தேகத்தை வசனமே இல்லாமல் முகத்தில் கொண்டுவந்துவிடுவார்கள்.

அதே நேரத்தில் இங்கே ஒரு பெரிய கோளாறும் நடக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. நாயகனைக் கிளப்பிவிட வேண்டும் என்பதற்காகவே மனைவியையோ மகளையோ கொல்லுவது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர், ஒரு சிரிப்பு, ஒரு பாட்டு, அப்புறம் ஒரு சவப்பெட்டி. 1999-ல் கெயில் சிமோன் என்ற காமிக்ஸ் எழுத்தாளர், இப்படி நாயகர்களுக்காகக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியல் போட்டு வெளியிட்ட பிறகுதான் பலருக்கு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது என்று உறைத்தது. என்னைப் பொறுத்தவரை இது வெறும் அறப் பிரச்சினை இல்லை, கதையே பலவீனமாகிவிடுகிறது. அவனைப் பிடித்து வைத்திருந்த கயிறு எவ்வளவு பலமானது என்று நாம் பார்க்கவே இல்லையென்றால், அது அறுந்தபோது நமக்கு என்ன வலிக்கும்? அவள் அவனோடு சண்டை போட்டிருக்க வேண்டும், அவனுடைய பழைய வாழ்க்கை பற்றி அவளுக்கு ஒரு கருத்து இருந்திருக்க வேண்டும், அவன் கையைப் பார்த்து ஒரு நாளாவது பயந்திருக்க வேண்டும்.

பழைய கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து வரும்

இந்தக் கதைகள் பொதுவாக மூன்று வாசல்களில் ஏதோ ஒன்று வழியாக நுழைகின்றன. பழைய கும்பல் கடைசியாக ஒரே ஒரு வேலை என்று தேடி வருவது முதல் வாசல், இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் பார்த்ததுதான். இரண்டாவது, நான் ஆரம்பத்தில் சொன்னது: புதிதாக ஒரு அநியாயம் நடந்து அவனே கிளம்புவது.

மூன்றாவது வாசல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பழிவாங்க வருகிறவன் வேறு ஒருவன், அவன் தேடி வருவது நம் நாயகனை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நாயகன் கொன்ற ஒருவனின் மகன், அன்றைக்குச் சின்னப் பையன், இப்போது வளர்ந்து பட்டறை வாசலில் வந்து நிற்கிறான். இங்கே நியாயம் யார் பக்கம்? திருந்திவிட்டேன் என்று நாயகன் சொல்வது உண்மைதான், நமக்குத் தெரியும், கூடவே இருந்து பார்த்தோம். ஆனால் அந்தப் பையனுக்கு அதனால் என்ன? அவன் அப்பா திரும்பி வரப்போகிறாரா? திருந்தியவனின் மனமாற்றம் அவனுக்கு மட்டும் சொந்தமானது, அவன் செய்த காரியம் இன்னும் பலருக்குச் சொந்தமானது. இந்த வாசல் வழியாக வரும் கதைகளில் நாயகன் தற்காத்துக்கொள்வதுகூட ஒரு குற்றம் மாதிரித் தெரியும். எழுதுவது கடினம் என்பதாலோ என்னவோ குறைவாகத்தான் வருகின்றன.

கடந்த காலம் திரும்பி வர ஆயுதமோ ஆளோ தேவை இல்லை, ஒரு சொல்லே போதும் என்பதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி. நூலின் பெரும்பகுதி கிடைக்கவில்லை, தமிழில் அதன் கதை நமக்கு நீலகேசி என்ற சமண நூலின் உரை வழியாகத்தான் தெரியும். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் ஒரு கள்வனைப் பார்த்து வணிகர் வீட்டுப் பெண் ஒருத்தி ஆசைப்படுகிறாள், அவளுடைய அப்பா அவனை மீட்டுக் கட்டி வைக்கிறார். நன்றாகத்தான் போகிறது. ஒரு நாள் ஊடலில், விளையாட்டாக, நீ கள்வன்தானே என்று சொல்லிவிடுகிறாள். அவன் அதை மனதில் வைத்துக்கொண்டு, அவளைக் கொல்லுவதற்காக மலை உச்சிக்கு அழைத்துப்போகிறான். விஷயம் புரிந்ததும், சாவதற்கு முன் உங்களை வலம்வர வேண்டும் என்று கேட்டு, சுற்றி வரும்போது பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள் அவள். திருந்தியவன் போலத் தெரிந்தவன் உண்மையில் திருந்தினானா, அவன்மேல் ஒட்டியிருந்த பெயர் அவனை விடவில்லையா, கொன்றவள் குற்றவாளியா என்று இன்றைய குற்றக் கதை கேட்கும் அத்தனையும் இதில் இருக்கிறது.

மூடியைத் திறக்கும் நொடி

ஒவ்வொரு கதையிலும் ஒரு நொடி வரும், அதுவரை பிடித்து வைத்திருந்தவன் கையை விடும் நொடி. சாதாரணக் கதைகளில் அது தரையைத் தோண்டித் துப்பாக்கியை வெளியே எடுக்கும் காட்சியாக இருக்கும், பின்னணி இசை கூரையைப் பிளக்கும். நல்ல கதைகளில் அது மிகச் சின்னதாக இருக்கும். 1992-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த 'அன்ஃபர்கிவன்' சிறந்த படத்துக்கானது உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கிய படம். அது குதிரைகளும் ஷெரீஃபும் வரும் வெஸ்டர்ன் வகை என்றாலும் நம் முடிச்சை அவ்வளவு சுத்தமாகப் போட்ட படங்கள் குறைவு. முன்னாள் கொலைகாரன் ஒருவன், அவனைத் திருத்திய மனைவி இறந்துவிட்டாள், இரண்டு குழந்தைகளோடு பன்றி வளர்த்துப் பிழைக்கிறான். பணத்துக்காக ஒரு கொலை வேலைக்குக் கிளம்புகிறான், ஆனால் வழியெல்லாம் நான் இப்போது அந்த ஆள் இல்லை, என் மனைவி என்னைக் குடியிலிருந்தும் கெட்ட வழியிலிருந்தும் மாற்றிவிட்டாள் என்று கேட்கிறவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வருகிறான். குளிரில் காய்ச்சலோடு நடுங்கும்போதுகூட மதுவைத் தொட மறுக்கிறான். பிறகு, தன் நண்பனை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி வருகிறது. செய்தியைக் கேட்டபடியே கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிக் குடிக்க ஆரம்பிக்கிறான். துப்பாக்கியை அவன் எடுப்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது, முடிந்தது என்று. பார்க்கும்போது அந்தப் பாட்டிலை மட்டும் கவனியுங்கள்.

இந்த நொடிக்கு எதிர்ப்பக்கமும் உண்டு: மூடியைத் திறக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதன் வலி. 2019-ல் வெளியான வெற்றிமாறனின் 'அசுர'னில் வரும் சிவசாமியைக் குற்றவாளி என்ற வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, அவர் எதிர்கொண்டது சாதிக் கொடுமை, அதன் நியாயமே வேறு. ஆனாலும் ஒரு காலத்தில் திருப்பி அடித்துப் பார்த்துவிட்ட ஒருவர், மகனை மீட்பதற்காக ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழும் காட்சியில், அடங்கிப்போவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது தெரியும். மகன்கள் அதைக் கோழைத்தனம் என்றுதான் நினைக்கிறார்கள். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும்.

இது இன்று நேற்று வந்தது இல்லை

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இரண்டு மூன்று இடங்கள் மட்டும். 'கண்ணுக்குக் கண்' என்ற விதியை நாம் பழிவாங்கும் ஆவேசமாக நினைக்கிறோம். ஏறக்குறைய 3,700 வருடத்துக்கு முந்தைய பாபிலோனின் ஹம்முராபி சட்டத்தில் அது இருக்கிறது. அதற்கு அணை போடும் குணமும் உண்டு: ஒரு கண்ணுக்கு ஒரு கண் மட்டும், அதற்கு மேல் கேட்காதே. அணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கும்பல் கதைகளில் பார்க்கிறோம், இந்தப் பக்கம் ஒருவன் செத்தால் அந்தப் பக்கம் மூன்று பேர், அப்புறம் பத்து.

கி.மு. 458-ல் கிரேக்க நாடக ஆசிரியர் எஸ்கிலஸ் ஏதென்ஸில் அரங்கேற்றிய 'ஒரெஸ்தியா' மூன்று நாடகங்களும் இந்தச் சங்கிலியைப் பற்றியவைதான். அப்பா மகளைப் பலி கொடுக்கிறார், அதற்காக அம்மா அப்பாவைக் கொல்கிறாள், அதற்காக மகன் அம்மாவைக் கொல்கிறான், அவனைப் பழியின் தேவதைகள் துரத்துகின்றன. இது எங்கே முடியும்? நாடகத்தில் அது நீதிமன்றத்தில் முடிகிறது. வாக்குகள் சமமாக விழ, மகன் விடுதலை ஆகிறான். பழியின் தேவதைகளுக்கு அந்த நகரத்திலேயே மரியாதையான இடம் கொடுத்து அமைதிப்படுத்துகிறார்கள். அதனால்தான் இன்றைய குற்றக் கதைகளில் எப்போதும் போலீஸ் வாங்கப்பட்டிருக்கும், சாட்சி பல்டி அடிப்பான், கோப்பு காணாமல் போகும். நீதிமன்றம் வேலை செய்துவிட்டால் பழி வாங்கத் தேவையே இல்லையே, கதை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது ஹாலிவுட். 1930-ல் எழுதப்பட்டு 1934 முதல் கறாராக அமலான ஹேஸ் தணிக்கை விதிகளில், நவீன காலத்தில் நடக்கும் கதையில் பழிவாங்கலை நியாயப்படுத்தக் கூடாது என்றே ஒரு வரி இருந்தது. குற்றத்தின் பக்கம் பார்வையாளரின் அனுதாபம் போய்விடக் கூடாது என்பதும் விதி. 1968 வரை அந்த விதிகள் இருந்தன. அதன் விளைவு என்னவென்றால், திருந்திய நாயகன் மறுபடியும் பழைய வழியில் கால் வைத்தால் அவன் பிழைப்பது அரிதாகிவிட்டது. 1947-ல் வந்த 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' படத்தில், சின்ன ஊரில் வேறு பெயரில் பெட்ரோல் பங்க் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கும் ஒருவனைப் பழைய ஆள் ஒருவன் கண்டுபிடித்துவிடுகிறான், அதோடு அவன் கதை முடிய ஆரம்பிக்கிறது. ஃபிலிம் நுவார் என்று பிரெஞ்சு விமர்சகர்கள் 1946-ல் பெயர் வைத்த அந்த இருண்ட படங்களின் வாசனை இன்றும் இந்த வகைக் கதைகள்மேல் இருக்கிறது. நாயகன் கடைசியில் செத்தே ஆக வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதற்கு அந்தத் தணிக்கைக் காலமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பழி தீர்த்த பிறகு

பழிவாங்கினால் மனம் ஆறுமா? 2008-ல் கெவின் கார்ல்ஸ்மித், திமத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு பண விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். கூட விளையாடியவர்களை ஏமாற்றிப் பணம் பார்த்த ஒரு ஆளைத் தண்டிக்கும் வாய்ப்பைச் சிலருக்குக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. தண்டித்தால் நன்றாக இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் தண்டித்தவர்கள்தான் பிறகு மோசமாக உணர்ந்தார்கள், அந்த ஆளைப் பற்றியே நினைத்துக்கொண்டும் இருந்தார்கள். வாய்ப்புக் கிடைக்காதவர்கள் அதை விட்டு நகர்ந்துவிட்டார்கள். 'ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்' என்று குறள் சொல்லும் அந்த ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

நல்ல கதைகள் இந்த வெறுமையைக் காட்டத் தயங்குவதில்லை. கொன்று முடித்துவிட்டு அவன் காரில் உட்கார்ந்திருப்பான், சாவியைத் திருகமாட்டான், எங்கே போவது என்று தெரியாது. தம்பியின் அறை அப்படியே இருக்கும். படம் இங்கே நேரம் எடுத்துக்கொண்டால் நீங்கள் அவசரப்படாதீர்கள், இதற்காகத்தான் முன்னால் அத்தனையும்.

முடிவுகளில் அவன் சாவது ஒரு வகை, ஜெயித்துவிட்டுத் தனியாக நடந்து போவது இன்னொரு வகை. இரண்டும் எழுதுகிறவருக்குச் சுலபம். எதிரி கையில் கிடைத்தும் விட்டுவிடுவதுதான் மூன்றாவது வகை. அது கோழைத்தனமாகவும் தெரியக் கூடாது, பிரசங்கமாகவும் ஆகக் கூடாது. 1862-ல் வெளியான விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ள'வில் ரொட்டி திருடப்போய் 19 வருடம் சிறையில் கிடந்து வெளியே வந்த ஜான் வல்ஜானுக்கு, போகும் ஊரெல்லாம் காட்ட வேண்டிய மஞ்சள் நிறக் காகிதம் ஒன்று கையில் இருக்கும், அதைப் பார்த்ததும் கதவு மூடும். பிற்பாடு அவனை வாழ்நாள் முழுக்கத் துரத்திய போலீஸ்காரன் ழாவேர் அவன் கையில் சிக்குகிறான், கொல்லும் உரிமையும் கொடுக்கப்படுகிறது. தனியாக அழைத்துப்போய், கட்டை அவிழ்த்து, வானத்தில் சுட்டுவிட்டு அனுப்பிவிடுகிறான். மறைவாக, யாருக்கும் தெரியாமல். கூட்டம் பார்த்துக் கைதட்டும்படி மன்னித்திருந்தால் அந்தக் காட்சி பாதிகூட நிற்காது.

இதைவிடவும் கடினமான ஒரு முடிவு இருக்கிறது, அது பௌத்தப் பாலி நூல்களில் வரும் அங்குலிமாலருடையது. கொன்றவர்களின் விரல்களை மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்தவன், புத்தரைச் சந்தித்துத் துறவியாகிறான். அவனைப் பிடிக்க ஐந்நூறு குதிரை வீரர்களோடு கிளம்பிய கோசல மன்னன், மழித்த தலையோடு அமைதியாக உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து வணங்கிவிட்டுப் போகிறான். பெரும்பாலான கதைகள் இதோடு முடிந்துவிடும், மன்னனே மன்னித்த பிறகு என்ன இருக்கிறது. இது முடியவில்லை. பிச்சைக்காக சாவத்தி நகரத்துக்குள் போகும்போது மண்ணாங்கட்டியும் தடியும் ஓட்டாஞ்சில்லும் வந்து அவர்மேல் விழுகின்றன. தலையில் ரத்தம் வழிய, பாத்திரம் உடைந்து, மேலாடை கிழிந்து புத்தர் முன்னால் வந்து நிற்கிறார். பொறுத்துக்கொள், நீ செய்ததன் பலனை இப்போதே இங்கேயே அனுபவிக்கிறாய் என்கிறார் புத்தர். அங்குலிமாலர் திருப்பி ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் வேறு பாத்திரம் எடுத்துக்கொண்டு மறுபடியும் பிச்சைக்குக் கிளம்பியாக வேண்டும், துறவிக்குச் சோறு போடுவது அதே மாதிரித் தெருக்கள்தான்.